விளிம்பு வெட்டக் கற்றது

2012இல் சேலத்தில் அனிமேஷன் படித்தவர்களுக்கு இரண்டு கால அட்டவணைகள். ஒன்று வகுப்புக்கு, மற்றது மின்வெட்டுக்கு. இரண்டாவதைத்தான் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருந்தோம். சென்னையில் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் அது பெரிய செய்தி. எங்கள் பக்கம் ஒரு மணி நேரம் இருந்தால் அடுத்த மணி நேரம் இருக்காது, அதை யாரும் செய்தியாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஃபேர்லேண்ட்ஸில் ஆஸ்பத்திரிகளும் துணிக்கடைகளும் ஜெனரேட்டர் போட்டுக்கொள்ளும். சாரதா கல்லூரி சாலையை ஒட்டிய சந்தில், மாடியில் இருந்த எங்கள் வகுப்பில் யு.பி.எஸ். மட்டும்தான். அது கத்தத் தொடங்கினால் செய்த வேலையை சேவ் பண்ணிவிட்டு எழுந்திருக்கத்தான் நேரம் இருக்கும்.

இந்த லட்சணத்தில் ரெண்டர், அதாவது செய்த காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகக் கம்ப்யூட்டர் படமாக்கும் வேலை, எப்படி ஓடும்? கணக்கைப் பாருங்கள். நம் டி.வி. முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். பத்து நொடிப் படத்துக்கு 250. ஒரு கண்ணாடி டம்ளர், அதற்குள் புகுந்து வரும் வெளிச்சம் என்று கொஞ்சம் ஆசைப்பட்டுவிட்டால், அந்தக் கால மெஷினில் ஃபிரேமுக்கு நான்கு நிமிஷம் சாதாரணமாகப் பிடிக்கும். ஆக மொத்தம் 1000 நிமிஷம், அதாவது 16 மணி 40 நிமிஷம். அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் கரண்ட் இருந்த நாள் அந்த வருஷத்தில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

அதனால் லேபில் ஒரு சட்டம் இருந்தது. யாரும் நேராக ஏ.வி.ஐ. கோப்பாக ரெண்டர் போடக்கூடாது. பாதியில் நின்றுபோன ஏ.வி.ஐ. திறக்கவே திறக்காது, அதுவரை ஓடியதெல்லாம் வீண். ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனிப் படமாக, டார்கா கோப்பாக, எண் போட்டு எடுக்கவேண்டும். 137இல் கரண்ட் போனால், வந்ததும் 137இலிருந்து தொடங்கிக்கொள்ளலாம். பிறகு சென்னையில் வேலைக்குப் போனபோது, பெரிய ஸ்டுடியோக்களிலும் இதே வழக்கம்தான் என்று தெரிந்தது. அவர்களுடைய காரணங்கள் வேறு. ஒரு ஷாட்டைப் பத்து மெஷினுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கலாம், கெட்டுப்போன ஒரு ஃபிரேமை மட்டும் திரும்ப எடுக்கலாம். எங்களுக்கு அந்தத் தொழில் ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது மின்வெட்டுதான்.

நான் அட்டையாம்பட்டிக்காரி. கல்லூரி விட்டதும் வகுப்பு, வகுப்பு விட்டதும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டம். நடுவில் பசித்தால் தள்ளுவண்டியில் ஒரு தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவின பீட்ரூட்டும் காரச் சட்னியும் வைத்துத் தருவார்கள், நின்றுகொண்டே தின்றுவிடலாம். வகுப்பில் சேர்ந்தவர்களில் அனிமேஷன் என்றால் என்னவென்று தெரிந்து வந்தவர்கள் குறைவு. டி.வி.யில் பார்த்த டோரா, சோட்டா பீம், அதற்கப்புறம் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி சம்பாதிக்கலாம் என்ற நம்பிக்கை. 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்று போர்டு வைக்காத பயிற்சி நிலையம் அன்றைக்கு எந்த ஊரிலும் இல்லை.

எங்களுக்குப் பாடம் எடுத்த சார் சென்னையில் கார்ட்டூன் தொடர்களுக்குக் கையால் வரைந்தவர். ஃபிளாஷ் மென்பொருள் வந்து அந்த வேலை சுருங்கியதும் ஊர் திரும்பியவர். மாயா, மேக்ஸ் மென்பொருள்களைக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்தவர்களிடம் முதல் நாள் அவர் நீட்டியது ஒரு பென்சிலும் துளை போட்ட காகிதக் கட்டும். அடியில் டியூப்லைட் எரியும் கண்ணாடி மேசையில், பெக்பாரில் காகிதத்தை மாட்டி, விழுந்து எழும்பும் ஒரு பந்தை வரையச் சொன்னார். பந்து என்றால் வட்டம், வட்டத்தில் என்ன இருக்கிறது என்று அலட்சியமாகத்தான் ஆரம்பித்தோம். எல்லா வட்டத்தையும் சம தூரத்தில் போட்டால் பந்து விழாது, லிஃப்டில் இறங்கி வருவதுபோல வரும். மேலே நெருக்கமாக, கீழே வரவர இடைவெளி விட்டு வரையவேண்டும். தரையைத் தொடும் ஒரு ஃபிரேமில் மட்டும் நசுங்கவேண்டும். நசுங்கினால் அகலம் கூடவேண்டும், இல்லாவிட்டால் பந்து இளைத்துப்போகும். டிஸ்னியில் காலமெல்லாம் வரைந்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் பன்னிரண்டு விதிகளாக வகுத்துவைத்திருக்கிறார்கள். சார் அந்தப் பன்னிரண்டையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. "இது கிரிக்கெட் பந்தா, பலூனா? வரைஞ்சவளுக்கே தெரியலைன்னா பாக்கறவனுக்கு எப்படித் தெரியும்?" என்று மட்டும் கேட்பார். கேட்டுவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மென்பொருளில் இதே பந்தைப் பிறகு செய்தோம். மேலே ஒரு கீ, கீழே ஒரு கீ, மேலே ஒரு கீ. இடையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் போட்டுவிடும். போட்டதைப் பார்த்தால் பந்து தண்ணீருக்குள் மிதக்கிறது, ஏனென்றால் தரையைத் தொடும் இடத்திலும் அது வளைவை மழமழவென்று ஆக்கிவைத்திருக்கிறது. கர்வ் எடிட்டரைத் திறந்து, அந்தப் புள்ளியின் கைப்பிடியை உடைத்து, வளைவை 'வி' போலக் கூராக்கினால்தான் பந்து அடித்து எழும்பும். காகிதத்தில் இடைவெளி விட்டு வரைந்தவர்களுக்கு அந்த வளைவு ஒரே பார்வையில் புரிந்தது. நேராக மென்பொருளுக்குப் போன அடுத்த பேட்ச் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயந்தார்கள்.

என் பேட்சில் இரண்டு பேரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒருவன் அம்மாப்பேட்டைப் பையன். அவனுடைய அப்பா பட்டுத்தறிக்கு ஜக்கார்டு டிசைன் போடுபவர். கட்டம் போட்ட காகிதத்தில் ஒரு கட்டத்துக்கு ஒரு இழை என்று மயிலையும் மாங்காயையும் நிரப்புவார், அதைப் பார்த்து அட்டையில் துளை அடிப்பார்கள். ஃபோட்டோஷாப்பில் ஒரு வட்டத்தைப் பெரிதாக்கி, அதன் ஓரம் படிப்படியாக உடைந்திருப்பதைக் காட்டி பிக்சலை விளக்க சார் முயன்றபோது, "இது எங்கப்பா கிராஃப் சார். வளைவுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, எல்லாம் படிதான். தள்ளி நின்னு பாத்தா வளைவு" என்று அவன் சொன்னான். சாருக்கு அன்றைக்குப் பாதி வகுப்பு மிச்சம்.

இன்னொருவர் நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த அண்ணன். எங்களைவிட வயதில் பெரியவர். மாமாவுக்கு லாரி பாடி கட்டும் பட்டறை. நாங்கள் பெட்டியை இழுத்து நீட்டி 'லாரி' செய்துகொண்டிருந்தபோது அவர் சேஸிஸிலிருந்து ஆரம்பித்தார். அதன் மேல் குறுக்குச் சட்டம், அதன் மேல் பலகை, பிறகு பக்கவாட்டு. "இத இப்படிக் கட்டுனா லோடு ஏத்துனதும் வாயைப் பொளந்துக்கும்மா" என்று என் மாடலைப் பார்த்துச் சொன்னார். ரெண்டரில் எந்த லாரியும் லோடு ஏற்றப்போவதில்லை. ஆனாலும் அவருடையது மட்டும் நிற்கும்போதே கனமாகத் தெரிந்தது.

கையின் அசைவைச் செய்யப் பயிற்சி கொடுத்தார்கள். யாரையாவது வேலை செய்யும்போது வீடியோ எடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்து, அதைப்போல ஒரு கையை அசைக்கவேண்டும். நான் அத்தையின் கையை எடுத்தேன். அட்டையாம்பட்டி கைமுறுக்கு என்றால் சேலம் ஜில்லாவில் தெரியாதவர் கிடையாது, அத்தை அதைச் சுற்றிச் சுற்றியே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவள். "என்ன கண்ணு, கைய மட்டும் புடிக்கற? மூஞ்சி வேண்டாமா?" என்று சிரித்தாள்.

நேரில் பார்த்தால் அந்தக் கை ஓயாமல் வட்டமடிப்பதாகத்தான் தோன்றும். நிறுத்திப் பார்த்தபோது வட்டமே இல்லை. கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் மேல் ஒரு முறை உருள்கிறது, மாவு ஒரு புரி முறுக்கிக்கொள்கிறது, கை நிற்கிறது. மறுபடி ஓர் உருட்டு, மறுபடி நிற்கிறது. நிற்கும் அந்த இரண்டு மூன்று ஃபிரேமில் மணிக்கட்டு மட்டும் சற்றே நகர்ந்து அடுத்த இடத்துக்கு வழி பண்ணிவிடுகிறது. விரல்கள் அதற்குப் பின்னால் வருகின்றன. உருளும் ஃபிரேமில் கட்டைவிரல் விரலாகவே இல்லை, மங்கலான ஒரு பட்டை. அந்தப் பட்டையில் விரலின் ஓரம் எது என்று கேட்டபோது சார், "நடுவுல இருக்குன்னு வெச்சுக்க. பின்னாடி ஒரு நாள் உதவும்" என்றார். உதவியது.

அந்த ஜூலையில் 'நான் ஈ' வந்தது. வகுப்பே கிளம்பிப் போனது. ஊரெல்லாம் ஈ வில்லனைப் பழிவாங்கியதைப் பேசிக்கொண்டிருக்க, சார் வேறு ஒன்றைக் கேட்டார். அந்த ஈக்கு வாய் இல்லை, புருவம் இல்லை, கண்ணோ இமைக்காத சிவப்புக் கண். பிறகு அது கோபமாக இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரிந்தது? ராஜமௌலியும் ஹைதராபாத் மகுட்டா வி.எஃப்.எக்ஸ். குழுவும் அதற்கு முகத்தைக் கொடுக்காமல் முன்னங்கால்களையும் தலைச் சாய்வையும் நெஞ்சு நிமிர்த்தலையும் கொடுத்திருந்தார்கள். அந்த வேலைக்குத்தான் பிறகு தேசிய விருதும் கிடைத்தது. "உருவம் முழுசையும் கறுப்பா அடைச்சிடு. அப்பவும் என்ன பண்ணுதுன்னு புரிஞ்சா அது போஸ். புரியலைன்னா நீ கண்ணு மூக்கை வெச்சு ஏமாத்தறே" என்றார். சாரிடம் நான் வாங்கிக்கொண்டதிலேயே பெரிய சொத்து இதுதான். அதன் மதிப்பு அன்றைக்கு எனக்குத் தெரியாது.

வீட்டில் பழக என்னிடம் இருந்தது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. மாயா அதில் தவழும், மேக்ஸ் மூச்சுத் திணறும். பிளெண்டர் மட்டும் ஓடியது. அதை உருவாக்கிய டச்சுக்காரர் டான் ரோசண்டால், கம்பெனி மூடப்பட்டபோது பயனர்களிடமே கையேந்தி, 2002இல் ஏழே வாரத்தில் 1 லட்சம் யூரோ திரட்டி, மென்பொருளை எல்லோருக்கும் பொதுவாக்கிவிட்டார் என்று படித்தேன். வகுப்பில் பிளெண்டரை ஏழை வீட்டுப் பொம்மையாகத்தான் பார்த்தார்கள். பேட்டரி இருக்கும்வரை கரண்ட் போன இருட்டிலும் அது வேலை செய்தது, எனக்கு அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்க்கப் போனோம். வளைவு மட்டும்தான் மிச்சம். 1935இல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த ஸ்டுடியோ. பெயரின் முதலெழுத்திலேயே திருச்செங்கோட்டை வைத்திருந்தவர், இங்கிலாந்தில் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தவர். இதைச் சொன்னதும் அம்மாப்பேட்டைப் பையனுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. முதல் மலையாளப் பேசும்படம் 'பாலன்' 1938இல் இவர்கள் எடுத்தது. 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' இவர்கள் எடுத்தது. எங்களுக்கு இவற்றைவிட முக்கியமாகப்பட்டது 1940இன் 'உத்தமபுத்திரன்'. தமிழ்ப் படத்தில் முதல் இரட்டை வேடம், பி.யு.சின்னப்பா. அந்தக் காலத்தில் ஒரே ஆளை இரண்டாகக் காட்டும் முறை, லென்ஸின் பாதியை மறைத்து ஒரு பக்கம் எடுப்பது, ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து இன்னொரு பக்கம் எடுப்பது. கேமரா இம்மி அசையக்கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது. இல்லாத ஆளைப் பார்த்துச் சரியான நொடியில் முறைக்கவேண்டும். தப்பினால் அழித்து எழுத முடியாது. "நம்ம ஊர்ல கம்பாசிட்டிங் பண்ணிட்டாங்கம்மா, நமக்கு முன்னாடியே" என்றார் நாமக்கல் அண்ணன். கதையிலிருந்து கடைசிப் பிரிண்ட் வரை ஊரிலேயே செய்த இடத்தின் வாசலில் நின்றுகொண்டு, சென்னைக்குப் போவதா பெங்களூருக்குப் போவதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

வேலை வந்தது, சென்னையில். அந்த டிசம்பர் 12ஆம் தேதி 'சிவாஜி' 3டியாக மறுபடி வெளியானது. சென்னையிலேயே, பிரசாத் இ.எஃப்.எக்ஸில் மாற்றியது. 2009இல் 'அவதார்' வந்தபின் உலகம் முழுக்க 3டி மோகம். ஏற்கெனவே எடுத்த படத்தை 3டியாக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு ஆளையும் பொருளையும் தனித்தனியாக விளிம்பு வெட்டியாக வேண்டும். அதற்குக் கை வேண்டும், ஆயிரக்கணக்கில். எங்கள் பேட்சில் வேலை கிடைத்த ஏறக்குறைய எல்லோருமே அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனோம். அதன் பெயர் ரோட்டோ. அனிமேஷன் படித்தவர்கள் நடுவே அதைவிடக் கீழான வேலை இல்லை. 'என்ன பண்றே?' என்று கேட்டால் 'வி.எஃப்.எக்ஸ்.' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவோம்.

வேடிக்கை என்னவென்றால் ரோட்டோ பிறந்ததே அனிமேஷனுக்காகத்தான். 1915இல் மேக்ஸ் ஃபிளைஷர் காப்புரிமைக்கு மனுப் போட்ட கருவி அது. தம்பி டேவுக்குக் கோமாளி வேஷம் போட்டுப் படம்பிடித்து, ஃபிரேம் ஃபிரேமாகக் கண்ணாடியில் விழவைத்து, அதன் மேல் வரைந்தார்கள். நூறு வருஷம் கழித்து நாங்கள் செய்தது அதன் பாதி. வரைவதோடு சரி, உயிர் கொடுக்கும் வேலை நமக்கில்லை. ஷாட்டுக்கு ஒரு எண்தான் இருக்கும், படத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள். படம் வெளிவந்து டைட்டில் ஓடும்போது நம் பெயரும் வராது. நாளுக்கு இத்தனை ஃபிரேம் என்று கணக்கு வைத்திருப்பார்கள்.

புதிதாக வருபவர்கள் ஆள் முழுவதையும் சுற்றி ஒரே கோடாக வளைத்து, ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகளை நகர்த்துவார்கள். ஓட்டிப் பார்த்தால் விளிம்பு நடுங்கும், 'ஜிட்டர்' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சரியான முறை, ஆளை மூட்டு மூட்டாகப் பிரிப்பது. தலைக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று, தோளிலிருந்து முழங்கை, முழங்கையிலிருந்து மணிக்கட்டு, ஒவ்வொரு விரலுக்கும் ஒன்று. பிறகு கீ வைக்கும் இடம். கை திசை மாறும் ஃபிரேமைத் தேடிப் பிடித்து அங்கே ஒன்று, அடுத்த திசைமாற்றத்தில் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. அவ்வளவு போட்டால் மிச்சம் தானாக உட்காரும். எங்கே திசை மாறுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலையே. நடக்கும் ஆளின் குதிகால் தரையைத் தொடுவது ஒரு ஃபிரேம். இடுப்பு அடியில் இறங்குவது அதற்கு இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளி. வகுப்பில் நடை சைக்கிள் செய்தபோது புத்தகத்தைப் பார்த்து வைத்த போஸ்கள் இவை. இப்போது என் கண் முன்னால் ஆள் மாற்றி ஆள் நடந்துகொண்டே இருந்தார்கள். கிழவன் நடந்தான், குடித்தவன் நடந்தான், துப்பாக்கி ஏந்தியவன் நடந்தான். மங்கலான விரல் வந்தால் பட்டையின் நடுவில் கோட்டை வைத்தேன். மங்கல் எவ்வளவு என்பதை மென்பொருள் சேர்த்துக்கொள்ளும்.

முடித்ததும் சரிபார்க்க மேட்டை ஓட்டுவோம். கறுப்புத் திரையில் வெள்ளை உருவம், வேறெதுவும் கிடையாது. முகம் இல்லை, உடை இல்லை, செட் இல்லை. உலகத்தின் நல்ல நடிகர்கள் பலர் அப்படி வெறும் உருவமாக என் மானிட்டரில் வந்துபோனார்கள். ஒரு நடிகை திரும்புவதற்கு முன் எதிர்ப்பக்கம் கொஞ்சம் சாய்ந்துவிட்டுத் திரும்புவாள். அழப்போகிறவளின் தோள் முதலில் ஏறி, அப்புறம் விழும். ஃபேர்லேண்ட்ஸ் மாடியில் சார் கறுப்பாக அடைத்துப் பார் என்று சொன்னதை, இங்கே சம்பளம் கொடுத்து, நாள் முழுவதும் செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேரக்டர் அனிமேஷன் பிரிவுக்கு நான் மாறியபோது, நேராக அங்கே சேர்ந்தவர்களைவிட என் போஸ்கள் எடுப்பாக இருப்பதாகச் சொன்னார்கள். ரோட்டோவைக் கேவலமாகப் பேசுகிறவர்களோடு அன்றிலிருந்து எனக்குச் சண்டைதான். கூலி கேவலம், பெயர் போடாதது கேவலம். வேலை கேவலமில்லை.

நான் போன புதிதிலேயே, 2013 பிப்ரவரியில், 'லைஃப் ஆஃப் பை' புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு கொடுத்தது. அதே மாதக் கடைசியில் அந்தப் படத்துக்கு ஆஸ்கர். புதுச்சேரியில் படம்பிடித்த கதை என்பதால் செய்தி எங்கள் வீடு வரை வந்தது. "அவார்டு வாங்குன கம்பெனியே மூடறாங்களாமே, நீ என்ன பண்ணுவே?" என்று அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருஷம் மே மாதம் 'கோச்சடையான்' வந்தபோது ஊரில் எல்லோரும் பொம்மை மாதிரி இருக்கிறது என்றார்கள், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மோஷன் கேப்சரில் எடுத்த அசைவை ஃபிரேம் ஃபிரேமாகத் துடைத்துச் சரிசெய்வதில் எத்தனை பேர் கண் போயிருக்கும் என்று தெரிந்ததால் வாயைத் திறக்கவில்லை.

இப்போது மென்பொருளே விளிம்பைக் கண்டுபிடிக்கிறது. 2023இல் மெட்டா வெளியிட்ட ஒரு செயற்கை நுண்ணறிவு மாதிரி, ஒரே கிளிக்கில் ஆளைப் பிரித்தெடுக்கிறது. முடியிலும் மங்கலிலும் தடுமாறும், அது நாளைக்குச் சரியாகிவிடும். கூலிக்கு வெட்டும் வேலை குறைவதில் எனக்குத் துக்கமில்லை. ஆனால் அட்டையாம்பட்டியிலிருந்தும் அம்மாப்பேட்டையிலிருந்தும் வரும் பிள்ளை எந்த வாசல் வழியாக ஸ்டுடியோவுக்குள் நுழையும் என்பதற்கு யாரும் வழி சொல்வதில்லை. நாங்கள் சம்பளத்தோடு பழகினோம், அவர்கள் காசு கொடுத்துப் பழகவேண்டியிருக்கும். சிறு குழுவொன்று பிளெண்டரிலேயே செய்த லாட்வியப் படமான 'ஃப்ளோ' 2025இல் ஆஸ்கர் வாங்கியது. அதைக் காட்டி, இனிமேல் லேப்டாப் ஒன்று போதும் என்கிறார்கள். லேப்டாப் போதும்தான். அதோடு உட்கார்ந்து பழகும் வருஷங்களுக்கு வீட்டில் யார் சோறு போடுவது?

அம்மாப்பேட்டைப் பையன் ஹைதராபாத்தில் கம்பாசிட்டராக இருக்கிறான். நாமக்கல் அண்ணன் சென்னையில் ஒரு வருஷம் விளிம்பு வெட்டிவிட்டுப் பட்டறைக்கே திரும்பிவிட்டார். எங்கள் பேட்சில் தான் நினைத்ததைத் தானே வரைந்து, அது நிஜத்தில் ஓடுவதையும் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். பாடி கட்டுவதற்கு முன்னால் லாரியை பிளெண்டரில் செய்து, கலர் அடித்து, ஓனரிடம் காட்டுகிறார். போன மாதம் போனில் பேசினேன். ஒரு ஓனர் ரெண்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம். பலகை, டூல் பாக்ஸ், தார்ப்பாய்க் கொக்கி எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, "ஏனுங்க, நெத்தியில பாப்பா பேரு எங்கீங்க? மொதல்ல அதப் போடுங்க, அட்வான்ஸ் தர்றேன்" என்றாராம். அண்ணன் ஃபைலைத் திறந்து பெயரைப் போட்டு, மறுபடி ரெண்டர் கொடுத்திருக்கிறார்.

"படமாத்தாம்மா எடுக்கறேன், ஃபிரேம் ஃபிரேமா" என்றார். "பழக்கம் போகுமா?"